நமுத்துப் போகாமல்

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கையில் கோவையை அடுத்த அன்னூர்ப் பக்கத்து வீடுகளில், மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒரு பரிசோதனை நடக்கும். அகலத் தட்டில் மைதாவைக் கொட்டி, சுடச்சுட உருக்கிய நெய்யை அதன்மேல் ஊற்றி, சூடு கொஞ்சம் தணிந்ததும் விரல் நுனியால் பிசிறுவார்கள். பிறகு ஒரு பிடி மாவை எடுத்து அழுத்திப் பார்ப்பார்கள். கொழுக்கட்டைபோல் பிடிபட வேண்டும். தட்டினால் பொலபொலவென்று உதிரவும் வேண்டும். பிடிபடாவிட்டால் இன்னொரு கரண்டி நெய். தராசு கிடையாது, வெப்பமானி கிடையாது. சோமாசிக்கு மாவு தயாரா இல்லையா என்பதை அந்த ஒரு பிடி சொல்லிவிடும்.

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் போலந்தின் ஏதாவதொரு நகரத்து அடுக்ககத்தில் இதே வேலை வேறு விதமாக நடக்கும். அங்கே மாவில் சேர்வது சூடான நெய்யல்ல. குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கெட்டி வெண்ணெய். அதைக் கத்தியால் கொத்தி, மாவோடு சேர்த்து, கைச்சூடு படாமல் அவசர அவசரமாகப் பிசைந்து, மறுபடியும் குளிரில் வைத்துவிடுவார்கள். கெட்டிப்பட்ட மாவை மெல்லியதாகத் தேய்த்து, துண்டு போட்டு, நடுவில் ஒரு சிறு கரண்டி பிளம் பழ ஜாமையோ ரோஜா இதழ் ஜாமையோ வைத்துச் சுருட்டினால் பிறைநிலா வடிவில் ‘ரோகலிகி’. சதுரமாக வெட்டி எதிரெதிர் முனைகளை மடித்து ஒட்டினால் ‘கோவாச்கி’. இந்தச் சதுர வடிவம் சிகாகோ போன்ற ஊர்களில் குடியேறிய போலந்துக்காரர்களின் கிறிஸ்துமஸ் தட்டில் இன்னும் பிரபலம்.

ஒன்று எண்ணெயில் பொரிவது, மற்றது ஓவனில் வேகுவது. ஒன்றில் பொட்டுக்கடலைப் பூரணம், மற்றதில் பழ ஜாம். ஆனால் இரண்டு சமையலறைகளும் ஒரே எதிரியோடுதான் மல்லுக்கட்டுகின்றன. அந்த எதிரி தண்ணீர்.

வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இனிப்பு என்ற யோசனை மிகப் பழையது. மதுரைக்காஞ்சியில் மதுரைக் கடைத்தெருவில் விற்கும் பண்டங்களுக்கிடையே, உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகமும் வருகிறது. உள்ளீடு என்று ஒன்று வந்துவிட்டாலே சிக்கலும் கூட வந்துவிடும். உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் வெவ்வேறு பொருள்கள். ஒன்றில் ஈரம், மற்றதில் வறட்சி. இரண்டையும் ஒட்டி வைத்துவிட்டு நாலு நாள் அப்படியே இரு என்றால் இருக்காது. ஈரம் நகரத் தொடங்கும். கடைசியில் ஓடு நமுத்துப் போகும்.

‘நமுத்துப் போவது’ என்ற சொல்லுக்காகத் தமிழ் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். அது நனைவதும் அல்ல, கெடுவதும் அல்ல. முறுக்கின் சுவை அப்படியே இருக்கும், மணமும் இருக்கும், உடைக்கும்போது வர வேண்டிய ‘மொறுக்’ மட்டும் காணாமல் போயிருக்கும். அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் தனிச்சொல். உணவு அறிவியல் அதை விளக்கக் கொஞ்சம் காலம் எடுத்துக்கொண்டது.

1980-களில் அமெரிக்காவின் உணவுத் தொழிற்சாலை ஆய்வகங்களில் பணிபுரிந்த லூயிஸ் ஸ்லேட், ஹாரி லெவின் இருவரும் பிஸ்கட்டை ஒரு கண்ணாடியாகப் பார்க்கச் சொன்னார்கள். ஜன்னல் கண்ணாடி திடப்பொருள்போல் இருந்தாலும் அதன் மூலக்கூறுகள் படிகத்தில்போல் வரிசையாக நிற்பதில்லை. ஓடிக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று உறைந்துபோன மாதிரி கிடக்கின்றன. நன்றாக வெந்த பிஸ்கட்டில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அப்படித்தான் உறைந்திருக்கின்றன. அழுத்தினால் வளைய முடியாது, உடையத்தான் முடியும். அந்த உடைவின் ஓசைதான் மொறுமொறுப்பு. இடையிடையே தண்ணீர் மூலக்கூறுகள் நுழைந்துவிட்டால் உறைந்த கூட்டம் இளகி அசையத் தொடங்கும். கண்ணாடி ரப்பராகிவிடும். நமுத்த சோமாசி வளையுமே தவிர உடையாது. அன்னூர் பேக்கரிக்காரர் சாயங்காலம் பப்ஸைச் சூடு காட்டித் தரும்போது இந்த மாற்றத்தைத்தான் திருப்பிவிடுகிறார்: சூட்டில் தண்ணீர் வெளியேற, ரப்பர் மறுபடி கண்ணாடியாகிறது.

சரி, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகும்? அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு என்று சொல்லத் தோன்றும். பாதிதான் சரி. தேனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். இருந்தும் தேன் கெடுவதில்லை, பக்கத்தில் இருக்கும் பொருளை நனைப்பதும் குறைவு. காற்றிலிருக்கும் ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் சர்க்கரையின் பிடியில் இருக்கிறது, வெளியே போக அதற்குச் சுதந்திரம் இல்லை. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, எவ்வளவு தண்ணீர் ‘சும்மா’ இருக்கிறது என்பதே முக்கியம். 1950-களில் ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் டபிள்யூ. ஜே. ஸ்காட் நுண்ணுயிர்களின் வளர்ச்சியை இந்த அளவோடு முடிச்சுப் போட்டார். இதற்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். சுத்தத் தண்ணீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9-க்குக் கீழே வளர்வதில்லை. 0.6-க்குக் கீழே பூஞ்சைகூடத் தலைகாட்டாது. நல்ல பிஸ்கட் 0.2, 0.3 என்று இருக்கும். பழ ஜாம் 0.8-ஐ ஒட்டி நிற்கும்.

இந்த எண்ணை நூறால் பெருக்கினால் இன்னொரு உண்மை கிடைக்கும். 0.3 உள்ள பிஸ்கட், 30 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றோடு சமாதானமாக இருக்கும். அதைவிட ஈரமான காற்றில் தண்ணீரை உறிஞ்சும், வறண்ட காற்றில் விட்டுக்கொடுக்கும். ஆக, பலகாரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் இருவர்: ஒருவர் உள்ளே இருக்கும் பூரணம், மற்றவர் வெளியே இருக்கும் காற்று.

இங்கேதான் இரண்டு ஊர்களின் பண்டிகை நாட்காட்டி கதைக்குள் வருகிறது. தீபாவளி ஐப்பசியில், வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் நாட்களில். 30 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்றால் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைச் சுமக்க முடியும். மழை நாளில் அந்தச் சுமை முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருக்கும். போலந்தில் கிறிஸ்துமஸ் சமயம் வெளிக்காற்று 0 டிகிரியை ஒட்டி இருக்கும். அதன் கொள்ளளவே கன மீட்டருக்கு 5 கிராமுக்குள். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாகும்போது, முழுக்க நிரம்பியிருந்த காற்றுகூடக் கால்வாசி நிரம்பிய காற்றாகிவிடும். ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே. பிஸ்கட்டுக்கு இதைவிட நல்ல பக்கத்து வீட்டுக்காரர் அமையமாட்டார்.

போலந்துச் சமையலறை வெளியிலிருந்து வரும் ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே ஜாமை வைக்கத் துணிந்ததற்கு இந்தக் காற்றும் ஒரு துணை. அன்னூர்ச் சமையலறைக்கோ வெளியே இருக்கும் எதிரியே போதும். உள்ளேயும் இன்னொன்றைக் குடிவைக்க அதற்கு மனமில்லை.

சோமாசியின் பூரணத்தைப் பாருங்கள். வறுத்துப் பொடித்த பொட்டுக்கடலை, பொடித்த சர்க்கரை, கொப்பரைத் துருவல், ஏலக்காய், வறுத்த கசகசா. ஒன்றில்கூட ஈரம் கிடையாது. பச்சைத் தேங்காயின் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். காய்ந்த கொப்பரையில் 6 சதவீதத்தை ஒட்டி. காங்கேயம் பக்கத்துக் களங்களில் வெயிலில் காயும் கொப்பரை எண்ணெய் ஆலைக்குப் போகிற அதே பக்குவத்தில் சோமாசிக்குள்ளும் வந்துவிடுகிறது. பச்சைத் தேங்காயைத் துருவி வைத்துச் செய்தால் என்ன ஆகும்? சூடான எண்ணெயில் அந்தத் தண்ணீர் ஆவியாகும். ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கும். ஒட்டு பிளந்து பூரணம் எண்ணெய்க்குள் கொட்டும், சர்க்கரை கருகும், அதற்கப்புறம் போடுகிற ஒவ்வொரு ஈட்டிலும் கரும்புள்ளி ஒட்டும். தப்பித்து வந்தாலும் மறுநாளே நமுத்துவிடும். பச்சைத் தேங்காய்தான் வேண்டுமென்றால், துருவலை வாணலியில் ஈரம் போக வதக்கிவிட்டே சேர்ப்பார்கள்.

கொங்குநாட்டில் இதற்கு நேரெதிர்த் தீர்வும் உண்டு: ஒப்புட்டு. கன்னடத்து ‘ஒப்பட்டு’ சத்தியமங்கலம் மலை இறங்கி வந்து பெயர் கொஞ்சம் தேய்ந்தது. தேங்காயும் வெல்லமும், அல்லது கடலைப்பருப்பும் வெல்லமும் சேர்த்துக் கிளறிய ஈரப் பூரணம்; வெளியே நெகிழ்வான மாவு. இது நமுக்கவே நமுக்காது, மொறுமொறுப்பாக இருக்கும் உத்தேசமே அதற்கு இல்லை. ஈரத்தோடு சமாதானம் செய்துகொண்டு, கல்லிலிருந்து எடுத்ததும் நெய் தடவிச் சாப்பிட்டுவிடச் சொல்கிற பலகாரம். விலையாக ஆயுளைக் கொடுத்துவிட்டது: ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். சோமாசி இரண்டு வாரம் போசியில் கிடக்கும்.

ஜாமின் கதைக்கு வருவோம். பழத்தை வேகவைத்தால் கூழ் கிடைக்கும். கூழ் கெட்டியாக நிற்க வேண்டுமென்றால் பெக்டின் வேண்டும். தாவரச் செல்களின் சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் பசை அது. பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ 1825-இல் அதற்குப் பெயர் சூட்டினார். பெக்டின் இழைகள் தண்ணீரில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். புளிப்பு அந்த விலக்கத்தைக் குறைக்கும், சர்க்கரை இடையிலிருக்கும் தண்ணீரைப் பிடுங்கிக்கொள்ளும். அப்போது இழைகள் கைகோத்து வலையாகும். அமில அளவு 3-ஐ ஒட்டியும் கரைந்த சர்க்கரை 60 சதவீதத்துக்கு மேலும் இருந்தால்தான் இது நடக்கும். இந்திய உணவுத் தர விதியும் ஜாமில் கரைந்த திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. மீதி மூன்றில் ஒரு பங்கு தண்ணீர்தான், ஆனால் பெரும்பகுதி கட்டுண்ட தண்ணீர். கொய்யாவில் பெக்டின் ஏராளம். அதனால்தான் கொய்யா ஜெல்லி கத்தியால் வெட்டுகிற மாதிரி நிற்கிறது.

போலந்தில் பிளம் பழத்துக்கு ‘போவித்வா’ என்றொரு பக்குவம் இருக்கிறது. பெரும்பாலும் சர்க்கரை சேர்ப்பதில்லை. பழத்தை அடிகனத்த பாத்திரத்தில் போட்டு, சிறுதீயில் மணிக்கணக்காக, சில வீடுகளில் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு, கருத்துச் சுருளும்வரை கிளறுவார்கள். இது ஓவனில் வைத்தாலும் உருகி ஓடாது. கடை ஜாமை வைத்தால் கொதித்து வழிந்து தட்டில் ஒட்டிக்கொள்ளும். போவித்வா வைத்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒப்புட்டுக்கு வெல்லமும் தேங்காயும் ‘சுருண்டு வர’க் கிளறும் கையும், போவித்வா கிளறும் கையும் ஒரே அளவைத்தான் தேடுகின்றன: கரண்டியால் கோடிழுத்தால் கோடு மூடக் கூடாது.

இனி, அந்த நெய்யும் வெண்ணெயும். மைதாவில் தண்ணீர் பட்டதும் அதிலிருக்கும் இரண்டு புரதங்கள் சேர்ந்து குளூட்டன் என்ற நீண்ட வலையைப் பின்னும். பரோட்டாவை வீசி அடிக்க முடிவது அந்த வலையால்தான். பலகாரத்துக்கு அதே வலை தொல்லை. ஓடு கடிபடாமல் இழுபடும். மாவுத் துகள்மேல் முதலிலேயே கொழுப்பைப் பூசிவிட்டால் தண்ணீர் நெருங்க முடியாது, வலை துண்டு துண்டாகவே நின்றுவிடும். பிடி அழுத்திப் பார்க்கும் சோதனை இதைத்தான் அளக்கிறது: எல்லாத் துகளுக்கும் சட்டை போட்டாகிவிட்டதா என்று.

வெண்ணெயில் 80 சதவீதத்துக்குச் சற்று மேலே கொழுப்பு, 16 சதவீதம்வரை தண்ணீர். ஓவனில் அந்தத் தண்ணீர் ஆவியாகி மாவின் ஏடுகளைத் தூக்கிவிடும். ஆனால் வெண்ணெய் அதுவரை உருகாமல் கட்டியாக இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும். டிசம்பர் போலந்தில் ஜன்னலோரமே குளிர்பெட்டி. அன்னூரில் பிற்பகல் மூன்று மணிக்கு வெண்ணெயைக் கையில் எடுத்தால் மாவைத் தொடுமுன் வழியத் தொடங்கும். இங்கே வெண்ணெயை அப்போதே காய்ச்சி, அந்த 16 சதவீதத் தண்ணீரையும் விரட்டிவிட்டு, நெய்யாக வைத்துக்கொண்டார்கள். நெய் ஏடு தூக்காது. ஆனால் உதிர வைக்கும், குளிர்பெட்டியும் கேட்காது. மறுபடியும் தண்ணீரை வெளியே அனுப்பிய கதைதான்.

ஏடு ஏடாக வேண்டும் என்ற ஆசை பிறகு பப்ஸ் வழியாக வந்தது. அதற்கு வெப்பநாட்டுச் சூட்டிலும் கெட்டியாக நிற்கும் கொழுப்பு தேவைப்பட்டது. 1937-இல் டால்டா சந்தைக்கு வந்தபின் வனஸ்பதியும், பேக்கரிக்கென்றே தயாராகும் மார்கரினும் அந்த இடத்தைப் பிடித்தன. கோவை வட்டாரத்தில் ‘பேக்கரி’ என்றால் டீக்கடை என்றே பொருள். கண்ணாடிப் பெட்டிக்குள் பப்ஸும் ஜாம் பன்னும் தேங்காய் பன்னும் இல்லாத டீக்கடை அன்னூரில் டீக்கடையாகவே மதிக்கப்படாது.

அந்தத் தேங்காய் பன்னுக்குள் சிவப்பும் பச்சையுமாகக் கிடக்கும் டூட்டி ஃப்ரூட்டிதான், இந்த மண்ணின் உண்மையான ஜாம் என்று சொல்லலாம். அது பழமே இல்லை, பப்பாளிக்காய். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ.2, கோ.5 போன்ற பப்பாளி ரகங்கள், காயைக் கீறிப் பால் எடுத்து பப்பெய்ன் என்ற நொதியம் தயாரிக்க ஏற்றவை. பால் எடுத்த காயின் தோலில் கீறல் விழுந்திருக்கும், பழமாகச் சந்தையில் எடுபடாது. அதைச் சிறு சதுரங்களாக வெட்டி, வேகவைத்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, பாகின் அடர்த்தியை நாளுக்கு நாள் கூட்டுவார்கள். காயிலிருந்து தண்ணீர் வெளியே வரும், சர்க்கரை உள்ளே போகும். ஒரே நாளில் கெட்டிப் பாகில் போட்டால் தண்ணீர் வேகமாக ஓடிவந்து துண்டு சுருங்கித் தோலாகிவிடும்; அதனால்தான் அந்தப் பொறுமை.

எண்ணெய்ச் சட்டியருகே போவோம். சோமாசியைப் போட்டதும் சலசலவென்று குமிழி கிளம்பும். அது எண்ணெய் கொதிப்பது அல்ல; மாவிலிருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகி ஓடுவது. எண்ணெய் 160, 170 டிகிரியில் அமைதியாகத்தான் இருக்கிறது. சத்தம் அடங்கினால் எடுக்கலாம் என்பார்கள் பெரியவர்கள். தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம். எண்ணெய் பெருமளவில் உள்ளே புகுவதும் பொரியும்போது அல்ல. எடுத்த பிறகு, ஓட்டுக்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. கரண்டியில் எடுத்ததும் சட்டியின் விளிம்பில் சாய்த்து வடியவிடும் அந்த அரை நிமிடத்துக்கு மதிப்பு அதிகம்.

போலந்தில் ஈஸ்ட் சேர்த்த ரோகலிகி மாவுக்கு இன்னொரு வேடிக்கையான வழி உண்டு. பிசைந்த மாவைத் துணியில் தளர்வாகக் கட்டிக் குளிர்ந்த தண்ணீர் வாளியில் போட்டுவிடுவார்கள். மாவு மூழ்கும். உள்ளே ஈஸ்ட் கரியமில வாயுவை விட விட, மூட்டை உப்பி, தண்ணீரைவிட லேசாகி, தானாக மேலே வரும். வந்தால் மாவு தயார். அந்த மாவுக்கு அங்கே ‘டோபியெலெட்ஸ்’ என்று பெயர். நீரில் மூழ்கியவன் என்று அர்த்தம். ஆர்க்கிமிடீஸே வந்து சொன்னாலும் இதைவிடத் தெளிவாக மிதப்பு விதியைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

இரு ஊர்ப் பலகாரங்களும் நிஜமாகவே கைகுலுக்கும் இடம் ஒன்று இருக்கிறது: கசகசா. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு விருந்தில் கசகசா இல்லாத போலந்து வீடு அபூர்வம். பொதுவாக நீலக் கசகசாதான், ஊறவைத்து அரைத்து மாவுக்குள் சுருட்டுவார்கள். போஸ்னான் நகரத்தில் நவம்பர் 11 அன்று விற்கும் புனித மார்ட்டின் ரோகல் மட்டும் விதிவிலக்கு. அதற்கு வெள்ளைக் கசகசாதான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் அதற்குப் புவிசார் பாதுகாப்பே கொடுத்துவிட்டது. நம் மளிகைக்கடைக் கசகசாவும் வெள்ளைதான். ம.பி., ராஜஸ்தான், உ.பி. மாநிலங்களில் அரசு உரிமம் பெற்று, அபினுக்காகக் காயைக் கீறியபின் கிடைக்கும் விதையும், துருக்கி போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதியாவதும்தான் இங்கே வருகிறது. விதைக்குள் அபின் இல்லை, மேலே ஒட்டியிருக்கும் துளிப் பால்தான் பிரச்சினை. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசாவுக்கே தடை. துபாயிலிருக்கும் பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்கும் சோமாசியில் அன்னூர் அம்மாக்கள் கசகசாவை விட்டுவிடுவது நல்லது.

பெயர்களிலும் ஓர் உறவு ஒளிந்திருக்கிறது. கோவாச்கிக்கு மூலம் ‘கோவோ’, போலிஷில் சக்கரம். ஆதியில் அது வட்டமான ரொட்டி. மொழியியலாளர்கள் அந்தச் சொல்லையும் வடமொழிச் ‘சக்ர’த்தையும் ஒரே வேரில் கட்டுகிறார்கள். சோமாசியின் விளிம்பை நெளிநெளியாக வெட்டி ஒட்டும் கரண்டியின் முனையில் உருளுவதும் ஒரு பல்சக்கரம்தான்.

போலந்துக்காரர்களே ஒருமுறை நம் நாட்டுக் காற்றுக்குக் கூட்டமாக வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1940, 41-இல் சோவியத் அரசு சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் நாடுகடத்திய மக்களில் ஒரு பகுதியினர் ஈரான் வழியாக இந்தியா வந்தார்கள். ஜாம்நகர் அருகே பாலாசடியில் 1942-இல் குழந்தைகளுக்கு முகாம் அமைத்த அரசர் திக்விஜய்சிங்கின் பட்டமே ‘ஜாம் சாகிப்’. இந்தக் கதைக்காகவே அமைந்த தற்செயல். கோலாப்பூர் அருகே வலிவடேயில் 1943-இலிருந்து சில ஆண்டுகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 5,000 போலந்துக்காரர்கள் வாழ்ந்தார்கள். பள்ளி, தேவாலயம், கடைகள் என்று அது ஒரு சிறிய போலந்து ஊராகவே இயங்கியது. சுற்றிலும் மராத்திய வீடுகளில் தீபாவளிக்குத் தட்டுத் தட்டாகக் கரஞ்சி. நம் சோமாசியின் உடன்பிறப்பு, அதே பிறை, அதே நெளி விளிம்பு. பிறையாக மடித்த ரோகலிகியைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு அந்த உருவம் அந்நியமாக இருந்திருக்க முடியாது.

அன்னூரில் கடைசி ஈடு எடுக்கும்போது பெரும்பாலும் இருட்டியிருக்கும், மழையும் பிடித்திருக்கும். சூடு ஆறும்வரை தட்டில் பரப்பியே வைப்பார்கள். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்த்து, அந்த வியர்வையே ஓட்டை நமுக்க வைத்துவிடும். நன்றாக ஆறியபின் எவர்சில்வர் போசியில் செய்தித்தாளை விரித்து அடுக்குவார்கள். அப்புறம் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், அடுப்படியிலிருந்து பாட்டியின் குரல் துரத்தும்: “மூடியப் போட்டுட்டுப் போ சாமி, நமுத்துப் போயிரும்!”